அப்பா பேப்பர் படிக்கிறார்

மருத்துவர் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டே, "கடைசியா இவர எப்பம்மா பார்த்தீங்க?" என்று கேட்டார்.

மகள் நாற்காலியிலிருந்த அப்பாவையும் கையிலிருந்த போனையும் பார்த்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. அப்பாவின் வீட்டுக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அம்மா போன பிறகு வாரத்துக்கு இரண்டு முறை ஓடி வந்துகொண்டிருந்தவள்தான். போன வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி, கூடத்துச் சுவரில் கேமராவை மாட்டி, இரண்டு பேர் போனிலும் படம் தெரியும்படி செய்துவிட்டுப் போனான். அதன்பின் வாரம் பதினைந்து நாளாகி, பதினைந்து நாள் மாதமானது. நாற்பது வருடம் கிரேன் ஓட்டிய அப்பா குறையொன்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கேமராவுக்கு ஒரு சல்யூட் அடிப்பார். "குளிக்கப் போறேன், ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்பார். அவள் கடையில் நின்றபடியே சிரித்துக்கொள்வாள்.

இன்று ஒன்பதரைக்குப் பார்த்தாள். நாற்காலியில், மடியில் செய்தித்தாளோடு இருந்தார். பதினொன்றரைக்கும் அப்படியே. தாள் மெல்லப் புரண்டது. 'அப்பா பேப்பர் படிக்கிறார்' என்று தம்பிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, வாடிக்கையாளர் ஒருவருக்கு ஃப்ரேம் காட்டப் போனாள். ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே பார்த்தபோது தாள் தரையில் கிடந்தது. விரல்கள் மட்டும் அதைப் பிடித்த வாக்கிலேயே இருந்தன. போன் போட்டாள். அவர் பக்கத்து மேசையில் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்குவது திரையில் தெரிந்தது. கை அசையவில்லை.

"காலைல ஒன்பது மணிக்குள்ளயே போயிருக்கணும். பெருசா கஷ்டப்பட்டிருக்க மாட்டார்," என்றார் மருத்துவர்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது.

மருத்துவர் போனதும் தம்பி அழைத்தான்.

"அக்கா, பேப்பர் படிக்கிறார்னு போட்டிருந்தியே?"

"ஆமாடா."



"நானும் பார்த்தேன்க்கா. நம்ம ஊர் நேரம் பத்தரைக்கு. இங்கேர்ந்து ஒரு சல்யூட் வேற அடிச்சேன்."

"டிக்கெட் கெடைக்குதா பாரு," என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரரும் அவளுமாக அப்பாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த போர்வை கழுத்துவரை இழுத்தால் காலுக்கு எட்டவில்லை. பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நகங்கள் வளர்ந்து சதைப்பக்கம் வளைந்திருந்தன. பெருவிரல் நகம் பிளந்து, அதில் வேட்டி நூல் ஒன்று சிக்கியிருந்தது.

"கொஞ்ச நாளாவே அவரால குனிய முடியலம்மா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "செருப்பு வார்கூட நான்தான் மாட்டி விடுவேன். உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நெனச்சேன்."

அவள் அலமாரியில் தேடி நகவெட்டியை எடுத்து வந்தாள். கிண்ணத்தில் வெந்நீர் வைத்து, துணியை நனைத்து, பாதங்களை மெதுவாகத் துடைத்தாள்.

"ஐஸ் பெட்டி வண்டி வந்துரும்மா."

"வரட்டும்ண்ணே."

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, சுண்டுவிரலில் தொடங்கினாள். வெட்டிய துண்டுகள் தரையில் சிதறாமல் இடது உள்ளங்கையை அடியில் ஏந்திக்கொண்டாள்.