ஜாபஸின் பித்தளைத் தகடு

கட்டிலோ பீரோவோ, ஜாபஸ் எதைச் செய்தாலும் ஓரத்தில் ‘ஜாபஸ் மர வேலை, அயனம்பாக்கம்’ என்று ஒரு பித்தளைத் தகடு பதிக்காமல் விடமாட்டான். பூஜை மணைக்குக்கூடப் பதித்தவன்.

மாதா கோயில் திருவிழாவில் மாதா சுரூபத்தை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வர, ஒரு பழைய மரப்படகைச் சரிசெய்யும் வேலை அவனுக்குக் கிடைத்தது. உளுத்த பலகைகளை அவன் மாற்றினான். இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைக்க, காசிமேட்டில் படகு வேலை பார்த்த சிநேகிதன் துலுக்கானத்தைக் கூட்டி வந்தான்.

வெள்ளோட்டத்தன்று ஆட்கள் ஏறினார்கள். பாதி ஏரி தாண்டவில்லை, படகுக்குள் கணுக்கால் தண்ணீர். அடித்துப் பிடித்துக் கரை சேர்ந்தார்கள். கூட்டம் சிரித்த சிரிப்பில் ஜாபஸுக்குக் கோபம் தலைக்கேறியது. துலுக்கானத்தின் பக்கம் திரும்பினான்.

“இன்னா மாமே, தண்ணி போட்டுகினு பஞ்சு அடிச்சியா?”

பக்கத்தில் துலுக்கானத்தின் மகள் சுதா நின்றிருந்தாள். குடியை விட்டே தீர வேண்டும் என்று முன்பு துலுக்கானத்தைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதே ஜாபஸ்தான். சுதா சட்டென்று அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“நா அடிச்ச பஞ்சு உடாது மாமே.” துலுக்கானம் பஞ்சு அடிக்கும் கொட்டாப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு மகளோடு நடந்துவிட்டான்.

படகைச் செங்கல் மேல் ஏற்றினார்கள். வெளிப்புறத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, உள்ளே நிற்கும் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று ஜாபஸ் குனிந்து தேடினான். பஞ்சு அடைத்த ஓர் இடுக்கிலும் கசிவில்லை. முன்பக்கத்தில் மட்டும் சொட்டியது. தகட்டின் மூலைகளிலிருந்து.

துலுக்கானம் வேலை முடித்துப் போன பிறகு, யாருக்கும் சொல்லாமல் ஜாபஸ் பலகையைத் துளைத்து நீள ஸ்குரூ போட்டு முடுக்கிய தகடு. கரையில் உயரமாகத்தான் தெரிந்தது. ஆள் ஏறியதும் தண்ணீருக்குள் போயிருக்கிறது.

ஜாபஸ் தன்னையறியாமல் உள்ளங்கையால் தகட்டை மூடினான். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது.

“அவன் குடிச்சிட்டுதான் கோட்ட உட்டானா?” என்றார் கோயில் கமிட்டி வேதமுத்து. தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம்.

“இல்லண்ணே. அவன் மேல தப்பில்ல. என் தகடுதான்.” எல்லோருக்கும் எதிரிலேயே கழற்றினான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

தகடும் கையுமாகத் துலுக்கானம் வீட்டுக்கு ஓடினான். கதவு திறந்தே இருந்தது. உள்ளே துலுக்கானம் மண்டியிட்டு, மகளின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான்.

“நல்லா மோந்து பாரு கண்ணு. நாத்தம் அட்ச்சா சொல்லு.”

வாசலில் நின்ற ஜாபஸுக்கு, ‘மாமே’ என்று கூப்பிட வாய் வரவில்லை.