நான் தப்பாக இழுத்த மூச்சு

"மூச்சுத்திணறல்னு திரும்பத் திரும்ப வர்ற கூட்டம் இந்த மாசக் கடைசிக்குள்ள குறையலன்னா, உங்க ரூமை ஸ்டோர் ரூம் ஆக்கிடுவேன் சிஸ்டர்" என்றார் பெரிய டாக்டர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்றாம் மாடியிலிருக்கும் அந்த அறையில்தான் ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்ஹேலர் இழுக்கக் கற்றுத்தருகிறேன். தொண்டை கிழியக் கத்துகிறேன். இதற்குமேல் என்ன செய்ய?

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கும் என் நாத்தனாரை அழைத்து வந்தேன். "மூலையில உக்காந்து, நான் எங்க கோட்டை விடுறேன்னு பாரு."

கிடைத்த வாய்ப்பை விடுவாளா? "அண்ணி, 'புரிஞ்சுதா'ன்னு கேக்குறீங்க, எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுறாங்க. ஒருத்தர் கையிலயாவது இன்ஹேலரைக் குடுத்தீங்களா? நீங்களே இழுத்துக் காட்டி நீங்களே சந்தோஷப்பட்டுக்கறீங்க!" என்றாள்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லையே.

மறுநாள் ஒவ்வொருவரையும் இழுத்துக் காட்டச் சொன்னேன். பரீட்சைக்கு வந்தவர்கள் போல் திருதிருவென விழித்தார்கள். வாரம் தவறாமல் ஆம்புலன்ஸில் வரும் ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர், "எனக்கெல்லாம் தெரியும்மா" என்று முறைத்தார், இன்ஹேலரைத் தொடவே இல்லை. அதுவும் ஊற்றிக்கொண்டது.

"அவங்களை ஏன் மாட்டிவிடுறீங்க? நீங்க மாட்டிக்கோங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

அடுத்த வகுப்பில் வேண்டுமென்றே தப்பாகச் செய்தேன். முதலில் மருந்தை அழுத்தினேன், அப்புறம் ஆற அமர மூச்சை இழுத்தேன். "என்ன தப்பு, சொல்லுங்க?"

நர்ஸைத் திட்டும் வாய்ப்பு யாருக்குத்தான் கசக்கும்? கண்டக்டர்தான் முதலில் பாய்ந்தார். "என்னம்மா இது! அழுத்தும்போதே இழுக்க வேணாமா? மருந்தெல்லாம் வாயிலயே நின்னுடுச்சே! குடு இங்க!" வெடுக்கென்று பிடுங்கி இழுத்தார். அவரும் அதே தப்பைத்தான் செய்தார். "நீங்களும் அதேதான் சார்!" என்று அறையே கத்தியது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி இழுத்தார், இம்முறை சரியாக. அன்றிலிருந்து எல்லா வகுப்பும் அப்படித்தான், நான் தப்பு செய்ய, அவர்கள் திருத்த.

மாசக் கடைசி. பெரிய டாக்டர் ஸ்டோர் சாமான்களை மேலே கொண்டுவர ஆட்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். "கூட்டம் பாதியாயிடுச்சுன்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. அந்தக் கண்டக்டர்கூட வரலியே, வேற ஆஸ்பத்திரிக்கு மாறிட்டாரா?"

வகுப்புக்கும் அவர் வந்து சில நாளாகிறது. எனக்கு மட்டும் என்ன தெரியும்?

படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "எவன்யா அது, லிஃப்ட்டுக்குள்ள பீரோவைக் குறுக்க விட்டு சிக்க வெச்சவன்? மூச்சு முட்டுற ஜனங்க மூணு மாடி ஏறி வரணுமா? நான் ஏறிட்டேன், அது வேற விஷயம்! மத்தவங்க என்ன பண்ணுவாங்க? அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்?"

கண்டக்டர்! பெரிய டாக்டர் ஓடிப்போய் அவர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். "நான் பேசிட்டிருக்கேன்ல?" என்று அவரையும் ஒரு பிடி பிடித்தார் மனுஷன்.

டாக்டர் நிதானமாகக் கேட்டுவிட்டு, படிக்கட்டுப் பக்கம் குனிந்து கத்தினார். "பீரோவைக் கீழயே இறக்குங்கப்பா! இங்க இடம் இல்ல!"

பக்கத்தில் நின்ற நாத்தனாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம்! கண்டக்டர் என் பக்கம் திரும்பி, "நீயும் பார்த்துக்கிட்டு சும்மாதான் நின்னியா?" என்று ஆரம்பித்தார். மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்காமல் என்னைத் திட்டுகிறார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.