தட்டை ஆட்டியவள்

நான் வெடிப்புகளை ஆராய்கிறவள். ஈரக் களிமண்ணைத் தட்டில் மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால் வெடிக்கும். கோடுகள் கன்னாபின்னாவென்று ஓடும். எங்கே காயவைத்தாலும் அப்படித்தான். ஆனால் போன வருடம் என் ஆய்வுக்கூடத்தில் சில தட்டுகளில் மட்டும் வெடிப்புகள் சீப்பால் வாரியதுபோல் நேர்நேராக விழுந்தன. தலைகால் புரியாமல் குதித்தேன். கட்டுரை எழுதினேன், அச்சிலும் வந்துவிட்டது.

அதோடு சரி. அப்புறம் ஒரு தட்டில்கூட வரவில்லை. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இதே வேலை செய்கிற பேராசிரியர் ஒருவர் உண்டு. கணக்கில் புலி, பேச்சில் தேன். அவருடைய ஆட்கள் செய்தும் வரவில்லை. "கட்டுரையை நீங்களே வாபஸ் வாங்கிட்டா கௌரவமா இருக்கும், மேடம்" என்றார் போனில். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மறுபடி செய்துகாட்ட முடியாததை வைத்துக்கொண்டு நான் என்ன வாதாடுவது? சாயங்காலத்துக்குள் பத்திரிகைக்கு எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

எங்களுடையது சின்னக் கல்லூரி. இலக்கியம், இசை, ஓவியம் என்று எதைப் படித்தாலும் ஓர் அறிவியல் பாடம் எடுத்தே ஆகவேண்டும். இயற்பியல் என்றாலே காத தூரம் ஓடுகிறவர்கள் வேறு வழியில்லாமல் வந்து உட்காருவது என் வகுப்பில்தான். எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன், ஏறி மிதித்துவிடுவார்கள்.

"இன்னைக்கு ஒரு புரொபசர் எப்படித் தோத்துப் போறாங்கன்னு பார்க்கப் போறீங்க" என்று ஆரம்பித்தேன். கடைசி வரிசைகூட நிமிர்ந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். ஒரு தட்டு பூசிக் காட்டலாம் என்று ஓவிய மாணவி ஒருத்தியைக் கூப்பிட்டேன். எல்லோரும் அவளைத் 'தூரிகை' என்போம். போன வருடம் கொஞ்ச நாள் எனக்குத் தட்டு பூசிக் கொடுத்தவள்; அப்புறம் ஓவியக் கண்காட்சி வேலை என்று போய்விட்டாள். செய்முறையை வரிவரியாக எழுதி வைத்திருந்தேன், எல்லோரும் அதன்படியே செய்தார்கள். அவளைத் தனியாகக் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

அவள் களிமண்ணைப் பூசினாள். தட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இடதும் வலதுமாக லேசாக ஆட்டினாள். மேசையில் வைத்தாள்.

"நில்லு!" நான் கத்திய கத்தலில் அவள் பதறிப்போனாள். "இப்ப என்ன பண்ணினே?"

"பூசினேன், மேடம்."

"அதுக்கப்புறம்?"

"ஒண்ணும் பண்ணலையே."

"ஆட்டினியே!"

"அதுவா? படம் வரையற பலகைக்கு அடிப்பூச்சு போட்டா, பிரஷ் தடம் தெரியாம இருக்க ஆட்டிவிடுவேன். கைப்பழக்கம். தப்பா, மேடம்?"

"தப்பேதான்! இன்னொரு தட்டுல அதே தப்பைப் பண்ணு. இந்தத் தடவை முன்னும் பின்னுமா!"

மூன்றாவது தட்டை நானே பூசி, மூச்சுக்கூட விடாமல், ஆட்டாமல் அப்படியே வைத்தேன். சீக்கிரம் காயவேண்டுமே! பக்கத்துக் கட்டடத்தில் நாடகம் சொல்லிக்கொடுக்கிற என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, மேடை விளக்கு வேணும்."

"எதுக்கும்மா?"

"களிமண் காயவைக்க."

"ஒத்திகை நடக்குது."

"நிறுத்துங்க!"

வந்தார். கையில் விளக்குகள், பின்னால் பாதி வேஷத்தில் அவருடைய கதாநாயகி. மூன்று தட்டுகளுக்கும் ஒரே அளவு சூடு கிடைக்கும்படி வைத்தோம். ஆட்டும்போது துகள்கள் ஒரு திசையைப் பிடித்துக்கொண்டால், காயும்போது அந்தத் திசைக்குக் குறுக்கே வெடிக்கவேண்டும் என்று கரும்பலகையில் வரைந்தேன். வரும், வராது என்று வகுப்பு இரண்டு கட்சியானது. மணி அடித்தது; ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் நகம் கடித்தேன், என் வீட்டுக்காரர் என் கையைத் தட்டிவிட்டார்.

"மேடம், வருது!" என்று இசை மாணவன் அலறினான்.

முதல் தட்டில் முன்னிருந்து பின்னாக ஒரு கோடு. அதன் பக்கத்தில் இன்னொன்று. சரசரவென்று தட்டு முழுக்க. முன்னும் பின்னுமாக ஆட்டிய தட்டில் கோடுகள் திசைமாறி இடமிருந்து வலமாக ஓடின. நான் பூசியதில் வழக்கம்போல் கன்னாபின்னா. வகுப்பறை அதிர்ந்தது. கதாநாயகி யாரென்றே தெரியாத ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமே இல்லாமல்.

"அப்ப மண்ணுக்கு ஞாபகம் இருக்கா, மேடம்?" என்றாள் தூரிகை மெதுவாக.

"இருக்கும்மா. உன் கையை ஞாபகம் வெச்சிருக்கு."

அந்த நேரம் பார்த்து பெரிய பல்கலைக்கழகத்துக்காரர் போன் செய்தார். "எழுதிட்டீங்களா, மேடம்?"

"எழுதல, எழுதவும் மாட்டேன். சார், உங்க ஆளுங்க பூசினதும் தட்டை என்ன செய்வாங்க?"

"அசையவே விடமாட்டாங்க. என் ஆளுங்க ரொம்ப ஜாக்கிரதை."

"அதனாலதான் வரல" என்றேன்.