பதினேழாம் எண் ஆட்டின் ஏப்பம்

திரையில் பதினேழாம் எண் ஆட்டின் மீத்தேன் கோடு காலையிலிருந்து சரிந்து சரிந்து, பத்து மணிக்குத் தரையைத் தொட்டுவிட்டது.

“நைரி, ஓடி வா! உன் ஆடு ஏப்பமே விடல!” என்று கத்தினான் டூகல். தின்ற புல் ஆட்டின் வயிற்றில் புளிக்கும்போது மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அடக்க, பாமர்ஸ்டன் நார்த் நகர ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாக மருந்து தேடுபவன். “பாதி குறைஞ்சாலே போதும்னு இருந்தேன். இங்க மொத்தமும் போச்சு!”

ஆடுகளைப் பராமரிக்கும் நைரி திரையைப் பார்க்கவில்லை. வாயு அளக்கும் கண்ணாடி அறையைப் பார்த்தாள். தொட்டியில் காலையில் போட்ட புல் அப்படியே கிடந்தது.

“அது சாப்பிடவே இல்ல, டூகல். வெறும் வயித்துல ஏப்பம் எங்கேருந்து வரும்?”

அவன் முகம் வெளுத்தது. மருந்து கொடுத்த ஆடு தீனியை விட்டால் சோதனையை அன்றே நிறுத்த வேண்டும் என்பது விதி.

“மதியம் வரைக்கும் பாப்போம். அப்புறம் நிறுத்திட்டோம்னு மேலிடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்,” என்றான்.

நேற்று மருந்தை அதன் தொண்டைக்குள் இறக்கியது நைரியின் கை. வாளியைக் கவிழ்த்துப்போட்டுக் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்தாள். தேநீருக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஆடு துவண்டு படுக்கவில்லை. காதுகளை விறைத்துக்கொண்டு இடப்பக்கமே பார்த்து நின்றது. நெடுநேரம் கழித்துத்தான் அவளும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்து அறை காலி.

நொண்டிய பன்னிரண்டாம் எண் ஆட்டைக் குளம்பு சீவ விடியற்காலையில் அவள்தான் வெளியே கொண்டுபோயிருந்தாள். வலப்பக்கம் சுவர். பதினேழுக்குத் துணை அந்தப் பன்னிரண்டு ஒன்றுதான். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கத்தான் அறைகளுக்குக் கண்ணாடி வைத்ததே. புதிதாக வருகிறவர்களிடம் அவளே தினமும் சொல்வது, ஆட்டைத் தனியாக விடாதீர்கள் என்று.

“மடச்சி,” என்று தன்னையே திட்டிக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினாள்.

காலில் கட்டோடு பன்னிரண்டு வருவதைப் பார்த்து, “யாரு இவங்க, வைத்தியரா?” என்றான் டூகல். குரலில் உயிர் இல்லை.

“ஆமா. வழிய விடு.”

பன்னிரண்டு தன் அறைக்குள் போனதும் நேராகத் தொட்டியில் வாயை வைத்தது. பதினேழு ஒருமுறை கத்தியது. பிறகு அதுவும் குனிந்து தின்னத் தொடங்கியது.

கோடு மெல்ல எழுந்தது. “ஏறு, தாயே. ஆனா ரொம்ப ஏறிடாதே,” என்று டூகல் திரையிடம் கெஞ்சினான். மருந்துக்கு முன்பிருந்த அளவில் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து, அதற்குமேல் ஏறாமல் நின்றது. தொட்டி காலியாகி ஆடு அசைபோட ஆரம்பித்த பிறகும் அங்கேயேதான் இருந்தது.

டூகல் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான். இன்னொரு வாளியைக் கவிழ்த்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பதினேழாம் எண் ஆட்டின் தாடை இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்தது.