யாரும் எடுக்காதவை

"அந்தக் கழிவுப் பட்டியலை நிறுத்தணும், சார். இன்னிக்கே."

கையில் மாலையோடு நின்ற தலைமை நூலகர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். செத்துப்போன அடுக்கு உதவியாளர் தன் உதவி நூலகரின் அப்பா என்பதே அவருக்கு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்திருந்தது.

கல்லூரி நூலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். "என்னை வச்சு அங்க யார்கிட்டயும் எதுவும் கேட்கக் கூடாது." அவளுக்கும் அது வசதியாகப் போயிற்று. ஒரே கட்டடத்தில் இரண்டு வருஷம் அவர் அவளை மேடம் என்றார். அவள் அவரைப் பெரியவரே என்றாள். வீட்டிலிருந்து கிளம்புவதே வேறு வேறு பேருந்தில்.

"இந்த நேரத்துலயாம்மா?" என்றார் தலைமை நூலகர். "நீதானே கையெழுத்துப் போட்ட? பத்து வருஷமா யாரும் எடுக்காத நானூறு புக்கு. மூணு மணிக்கு லாரி வருது."

"எடுக்கலதான் சார். படிச்சிருக்காங்க."

போன வாரம் மூன்றாம் மாடியில் அவள் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையாகத் திறந்து, தேதித்தாளில் முத்திரை இல்லாததையெல்லாம் தரையில் இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டியைப் பிடித்தபடி அப்பா தயங்கினார்.

"மேடம், இதுல சிலது ஆள் படிக்கிறதுதான்."

பயிற்சிக்கு வந்த மாணவிகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யாரு? பேரைச் சொல்லுங்க பாப்போம்," என்றாள்.

அவர் வண்டியின் கைப்பிடியைத் துணியால் துடைத்தார். "தெரியலைங்க மேடம்."

மாணவிகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்த பிறகுதான் அம்மா சொன்னாள். "வேலை முடிஞ்சு ஒரு மணி நேரம் அங்கயே நின்னு படிச்சிட்டுத்தான் வருவாரு. கடலு, நட்சத்திரம், என்னென்னமோ சொல்லுவாரு. அடுக்குற ஆளுக்கு யாருடி கார்டு குடுப்பா? உங்கிட்ட மட்டும் சொல்லாதேன்னாரு. பொண்ணுக்குக் கேவலமாயிடுமாம்."

அம்மா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"நிறுத்தணும்னா நீ எழுதிக் குடுக்கணும்," என்றார் தலைமை நூலகர். "நீ எடுத்த கணக்கு தப்புன்னு. உன் வேலை இன்னும் நிரந்தரம்கூட ஆகல. யாரு படிச்சான்னு கேப்பாங்க. என்ன எழுதுவ?"

அவள் மாலையை அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டியின் மேல் வைத்தாள். ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டாள்.

அத்தை வழியை மறித்தாள். "எங்கடி கிளம்பிட்ட? அப்பனைப் போட்டுட்டு ஆபீசு கேக்குதோ மகாராணிக்கு?"

"அஞ்சு மணிக்குத்தானே எடுக்குறீங்க. வந்துடுவேன், அத்தை."

"வராமலே இருந்துடாத. அதையும் செய்வ நீ."

அவள் விலகி நடந்தாள்.

நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தெருவில் எதிரே வந்தாள். அவளைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கினாள்.

"மேடம், நீங்களே வந்தீங்களா? பெரியவர் வீட்டுக்கா?"

"அவரு எங்கப்பா, அக்கா," என்றாள்.

நிற்கவில்லை. முனையில் பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது.