இருளின் நண்பன்

சாவோ பாவ்லோவின் பழைய நடுநகரத்தில், நள்ளிரவு தாண்டியபின், எவரால்டோ நடுத்தெருவில் நின்று மூச்சை ஆழ இழுத்தான்.

"இப்பதான் இந்த ஊரு நிஜ முகத்தைக் காட்டுது, ஜந்திரா. மணக்குதா?"

மூத்திர நாற்றம்தான் அடித்தது. கணவனுக்குப் பதில் சொல்லும் ஆசையே ஜந்திராவுக்கு எப்போதோ வற்றிப்போயிருந்தது. பகலெல்லாம் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளருக்குக் கூழைக்கும்பிடு போடுகிறவன், சனிக்கிழமை இரவானால் ஊரையே தான்தான் கண்டுபிடித்ததுபோல் அலைந்து, படம் பிடித்து, 'இருளின் நண்பன்' என்ற பெயரில் இணையத்தில் எழுதுவான். ஊர்பேர் தெரியாதவர்கள் படித்து உருகுவார்கள். அந்த நண்பன் வீட்டில் விளக்கைப் போடாமல் கழிப்பறைக்குக்கூடப் போகமாட்டான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்படி என்னதான் பார்க்கிறான் என்று ஒருமுறை தெரிந்துகொள்ளத்தான் இன்று கூட வந்திருந்தாள்.

மேம்பாலத்தடியில் அட்டைகளை விரித்து ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தது. எவரால்டோ குத்துக்காலிட்டு, ஒரு குழந்தையின் முகத்துக்கு நேரே போனை நீட்டினான். வெளிச்சம் போதவில்லை என்று போன் விளக்கையும் போட்டான். போர்வைக்குள்ளிருந்து ஒரு பெண் விருட்டென்று எழுந்தாள்.

"ஏன்டா, உன் வீட்டுல யாரும் தூங்குறதே இல்லையா? இங்க வந்து பாக்குற?"

எவரால்டோ எழுந்த வேகத்தில் மனைவியின் முதுகுக்குப் பின்னால் போயிருந்தான். "நான் இல்லம்மா… இவதான் பாக்கணும்னு கூட்டிட்டு வந்தா."

அந்தப் பெண் ஜந்திராவை ஏற இறங்கப் பார்த்தாள். "பாத்துட்டியா? திருப்தியா?" என்று காறித் துப்பினாள். எச்சில் ஜந்திராவின் செருப்பில் விழுந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. விழவேண்டிய இடம் கொஞ்சம் பின்னால் இருந்தது, அவ்வளவுதான்.

"மன்னிச்சுக்கம்மா," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

அவன் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தான். "சும்மா சமாளிக்கத்தானே அப்படிச் சொன்னேன்? இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கணுமா? நில்லு, அந்தப் பக்கம் ஆபத்து!"

"நீதான் இருட்டுக்கு நண்பனாச்சே. அதுகிட்ட பேசிக்கிட்டே வீடு போய்ச் சேரு."

நிறுத்தத்தில் ஒரு இரவுப் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி ஏறிக்கொண்டாள்.

"எங்கம்மா போகணும்?" என்றார் ஓட்டுநர்.

"இது எங்க போகுது?"

"கிழக்குக் கோடிக்கு."

"அங்கதான்."

உள்ளே, மாடி மாடியாக அலுவலகங்களைக் கழுவிவிட்டு வீடு திரும்பும் பெண்கள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜந்திரா ஒருத்தியின் பக்கத்தில் ஒடுங்கி அமர்ந்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, பிளீச்சிங் பவுடர் வாடையோடு அந்தப் பெண்ணின் தலை அவள் தோளில் சரிந்தது. கனமான தலை. வாய் லேசாகத் திறந்திருந்தது. தெருவிளக்குகள் அந்த முகத்தின்மேல் வந்து வந்து போயின. ஜந்திரா பார்வையைத் திருப்பிக்கொண்டு, தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.