எலுமிச்சைத் தோட்டத்துப் பானையோடுகள்

பத்தொன்பது வருஷம் ஷார்ஜாவில் ஏசி பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நூகு, தாமிரபரணிக்கு வடக்கே இரண்டு ஏக்கர் செங்காட்டை வாங்கி எலுமிச்சை வைத்தார். பாலைவனத்தில் கிடந்தவருக்குப் பச்சையைக் கண்டால் பித்துப் பிடிக்கத்தான் செய்யும் என்று ஊர் சிரித்தது. சிரித்த ஆட்களே இப்போது ஊறுகாய்க்குக் காய் கேட்டு வந்து நிற்கிறார்கள். காய்ப்பு அப்படி.

அந்தத் தோட்டத்துக்குக் குறுக்கேதான் புறவழிச்சாலைக்குக் கோடு கிழித்திருந்தார்கள். சாலை வருமுன் மண்ணுக்கடியில் பழைய காலத்துச் சங்கதி உண்டா என்று பார்க்க ஓர் ஆய்வுக் குழு வந்தது. குழுவை நடத்தியவள் சித்ரலேகா. முதல் நாளே மரத்தடியெங்கும் கருப்பும் சிவப்புமாகப் பானையோடுகள் பொறுக்கினாள். இங்கே பழைய இடுகாடு இருந்தால் சாலை விலகி, குளத்துமேட்டுப் புறம்போக்கு வழியாகப் போகும் என்றாள். நூகுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. குழுவுக்குத் தினமும் இரண்டு வேளை டீ அவர் செலவு.

மூன்றாம் நாள் குழி வெட்டிப் பார்த்துவிட்டு அவள் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஓடெல்லாம் மேல ஒரு முழத்துலதான் கெடக்கு. கூடவே குளத்து நத்தைக் கூடும் இருக்கு. கீழ வெறும் செம்மண்ணு. நீங்க எப்பவாவது குளத்துக் கரம்பை கொண்டாந்து கொட்டுனீங்களா?"

கோடையில் குளம் வற்றியதும் அடியில் படிந்த வண்டலான கரம்பையை உரத்துக்கு அள்ளிவந்து நிலத்தில் பரப்புவது இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் நூகு குனிந்து ஓர் ஓட்டை எடுத்து மண்ணைத் துடைத்தார்.

"கொட்டலைன்னா சொல்லுங்க. பழைய எடமா இருக்கலாம்னு எழுதுதேன். ரோடு வெலகிரும்."

ஒரு வார்த்தை போதும். 'இல்லை' என்றால் தோட்டம் அவருடையது.

நாலு வருஷத்துக்கு முன் குளத்துமேட்டு அடிவாரத்திலிருந்து இருபது டிராக்டர் கரம்பை அடித்திருந்தார். கடைசி நடையில் மண் சரிந்து, வரிசையாக முதுமக்கள் தாழிகளின் வாய் தெரிந்தது. ஒன்றுக்குள் எலும்பு. "வெளிய சொன்னா நம்மள மண்ணெடுக்க விடமாட்டாங்க அண்ணாச்சி" என்றான் டிராக்டர் ஓட்டிய பேச்சிராஜ். இருவருமாக மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தார்கள். அப்புறம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. இப்போது பொய் சொன்னால் சாலை அந்த மேட்டின் மேல்தான் ஏறும்.

ஷார்ஜாவில் அவரோடு ஒரே அறையில் கிடந்த காயல்பட்டினத்து தாஜ் முகம்மதுவின் நினைவு வந்தது. மாரடைப்பில் போனவரை அங்கேயே அடக்கினார்கள். கபுரில், அந்தப் புதைகுழியின் மேல், பெயர் கிடையாது, ஒரு எண் மட்டும். மூன்று பிடி மண் போட்ட கை இந்தக் கைதான். அந்த இடத்தில் யாராவது ரோடு போட்டால் ஏன் என்று கேட்க அங்கே ஒரு ஆள் கிடையாது.

"கொட்டுனேம்மா. குளத்துமேட்டு அடியில இருந்து. அங்கன தாழி இருக்கு, என் கண்ணால பாத்தேன். எந்த மார்க்கமா இருந்தா என்ன, கபுரு கபுருதான்."

சித்ரலேகா எழுதுவதை நிறுத்தினாள். "அண்ணாச்சி, நான் இத எழுதுனா உங்க நெலத்துல ஒண்ணும் இல்லைன்னு ஆயிரும்."

"தெரியும்மா. எழுதிக்கோங்க. மேட்டுல எடத்தக் காட்டுதேன், வாங்க."

இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்தில் சாலைக்கு எல்லைக்கல் நட ஆட்கள் வந்தார்கள். நூகு கூடவே நடந்தார். ஒருவன் மரத்தை ஒட்டிக் கடப்பாரையை ஓங்கினான்.

"பைய, பைய. கொஞ்சம் தள்ளி நடுப்பா. வேரு இருக்கு."

"அடுத்த மாசம் வெட்டப்போற மரந்தான அண்ணாச்சி?"

"அது அடுத்த மாசம்லா" என்றார் நூகு.